சாக்லேட்டுக்குக் கால் சீவியவர்

என் அண்ணனுக்குத் தொழில் பல்செட் செய்வது. டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சை வைத்துக்கொண்டு மெழுகிலும் பிளாஸ்டர் மாவிலுமாக ஈறும் பல்லும் செய்து கொடுக்கிறவர் இவர். கிளினிக்குக்குப் பின்புறம், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் வாலிபத்தையெல்லாம் கழித்தார். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். தெருவில் அவருக்குப் 'பல்செட்டுக்காரர்' என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் வீடு தெரியாது.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் எதில் போய் விழுந்தார் தெரியுமா? பல்லில் ஒட்டிக்கொண்டால் லேசில் விடாத காரமல் மிட்டாயில். "பகல்ல பல்லு கட்டறீங்க, சாயங்காலம் அதைப் புடுங்க மிட்டாய் கிண்டறீங்க. நல்ல வியாபாரம்ணே!" என்று நான் சீண்டுவேன். சிரிக்கமாட்டார். பல் விஷயத்தில் யார் ஜோக் அடித்தாலும் அவருக்குச் சிரிப்பு வராது.

ஆரம்பித்து வைத்தது அண்ணி. அவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தார். அங்கே யாரோ வெளியூர் போய்வந்தவர்கள் ஒரு டப்பா கொடுத்தார்கள். மேலே சாக்லேட், உள்ளே காரமல், அடியில் வறுத்த முந்திரி. அண்ணி, அவர் மகள், மாடி வீட்டிலிருந்து மூக்கு வியர்த்து வந்து சேர்ந்த நான், மூன்று பேரும் ஆளுக்கொன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டோம். அண்ணன் தன் பங்கைச் சாப்பிடவில்லை. சின்ன ரம்பத்தை எடுத்து அதைக் குறுக்கே அறுத்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல என்ன இருக்கு, நாமளே செஞ்சிரலாம்" என்றார்.

செய்தும் விட்டார், கொஞ்சம் பாத்திரங்களைக் கரியாக்கிய பிறகு. சர்க்கரை உருகிப் பொன்னிறமாகும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பார். வெண்ணெயும் க்ரீமும் சேர்ந்ததும் அது பொங்கும். ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். அழுத்தினால் அமுங்க வேண்டும், ஆனால் உருண்டை கலையக் கூடாது. எந்நேரமும் மெழுகைத் தொட்ட விரல் அல்லவா, பதம் தப்பாது. சாக்லேட்டை வெந்நீரின் மேல் கிண்ணம் வைத்து உருக்கி, ஆறவிட்டு, கீழுதட்டில் தொட்டுப் பார்ப்பார். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. அப்போது தோய்த்தால்தான் மிட்டாய் பளபளவென்று இறுகும். அவசரப்பட்டால் மறுநாள் மேலெல்லாம் வெள்ளை பூத்துவிடும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. தோய்த்த மிட்டாயைத் தாளில் வைத்ததும், ஈரச் சாக்லேட் கொஞ்சம் வழிந்து அடியைச் சுற்றி ஒரு விளிம்பாக இறுகும். எங்கள் வீட்டில் அதற்குக் கால் முளைப்பது என்று பெயர். மற்றவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் வாயில் போட்டுக்கொள்வார்கள். அண்ணனால் முடியாது. பல்செட்டின் ஓரத்தில் மயிரிழைப் பிசிறு இருந்தாலும் போட்டவர் ஈறு புண்ணாகிவிடும். அந்தப் பிசிறைத் தேடித் தேடிச் சீவியே பழகிய கண் அவருடையது. சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியையும் அரத்தையும் எடுத்து, ஒவ்வொரு மிட்டாயையும் கவிழ்த்துக் காலைச் சீவி, ஓரத்தை இழைத்து வைப்பார். "மிட்டாயை யார் வாயில மாட்டப் போறாங்க?" என்று அண்ணி கேட்பார். அவர் அடுத்ததைக் கவிழ்ப்பார்.

இனி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளர்ந்து ஆளான பிறகும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. தேடினாள் என்று பேரே தவிர, அவள் மனசு முழுக்க அந்த அடுப்பைச் சுற்றித்தான் இருந்தது. "நானும் நீங்களும் சேர்ந்து ஒரு சின்னக் கடையாப் போடலாம்ப்பா" என்பாள். "கை படியட்டும், பாக்கலாம்" என்பார் அவர். அவள் தோய்த்த தட்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பார். அவள் பக்கத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கத்தியை எடுப்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன கொள்ளை போய்விடும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பாப்பா காரமலை வழக்கத்தைவிட இளக்கமாக இறக்கியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அப்பாகிட்ட பல்செட் வாங்கினவங்களும் சாப்பிட வேணாமா அத்தை? அவர் பதத்துல செஞ்சா செட்டு கழண்டு கையில வந்துரும்" என்றாள். இளக்கமான காரமல் வெளியே வராமலிருக்க, அடிப்பக்கத்தை மட்டும் முதலில் ஒருமுறை சாக்லேட்டில் தோய்த்து, காய்ந்ததும் முழுசாக மறுபடி தோய்ப்பாள். தடிமனாகக் கால் முளைக்கும். அது தற்செயல் இல்லை. வேண்டுமென்றே அவள் விட்ட கால். அப்பாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்றதற்கு, "நல்லா வந்தப்புறம் சொல்லிக்கறேன்" என்றாள். அந்த வீட்டில் எல்லாருமே எல்லாவற்றையும் அப்புறம் சொல்கிறவர்கள்தான்.

அந்தச் சமயத்தில் அண்ணியின் மேனேஜர் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பெட்டி மிட்டாய் கொடுப்பதென்று முடிவானது. "எங்க வீட்லயே செஞ்சு தரோம், என் பொண்ணு செய்வா" என்று ஆபீஸ் பூராவும் அண்ணி சொல்லி வைத்திருந்தார். அவர் அப்படி எதையும் பீற்றிக்கொள்கிற ஆள் இல்லை. பாப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்ணனை அடுப்புப் பக்கம் விடாமல் அவளே கிண்டி, அவளே தோய்த்து, பேப்பர் கிண்ணங்களில் வைத்து, சாப்பாட்டு மேஜை முழுக்கப் பெட்டிகளைத் திறந்தபடி அடுக்கிவிட்டு, ரிப்பன் வாங்கக் கடைக்குப் போனாள்.

அண்ணன் அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். மேஜையைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். கால், தடிமனான கால். மகள் முதன்முதலாகத் தனியாகச் செய்த வேலை, மனைவியின் ஆபீஸுக்குப் போகிறது, இந்தப் பிசிறோடு போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? கத்தியையும் அரத்தையும் எடுத்தார். ஒன்று பாக்கி விடாமல் சீவினார். தூளை ஊதித் துடைத்தார். அவள் வந்தபோது ஒன்றுமே நடக்காத மாதிரி முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரளவில் அது மகளுக்குச் செய்த உதவி. அவருடைய கெட்டிப் பதத்துக்குக் கால் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவளுடைய இளக்கத்துக்கு அந்தக் கால்தான் தாழ்ப்பாள். அது அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

விழா நடந்த ஹாலில் புழுக்கம். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். திறந்தபோது காரமல் அடிவழியாக ஒழுகி, மிட்டாயும் கிண்ணமும் பெட்டியும் ஒரே பிண்டமாக ஒட்டிக்கிடந்தன. மேனேஜரின் புதுச் சட்டையில் கறை. யாரோ ஒருவர் "மிட்டாயா, கோந்தா?" என்று கேட்க, ஹாலே சிரித்ததாம். இதெல்லாம் அண்ணி வீட்டுக்கு வந்து, மிஞ்சின பெட்டிகளை மேஜைமேல் போட்டுவிட்டுச் சொன்னது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"உனக்கு எதுலதான் கை வந்திருக்கு?" என்றார் அண்ணி பாப்பாவிடம். "நாளைக்கு நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஆபீஸ் போவேன்? இனிமே இந்த அடுப்புப் பக்கம் வந்தே, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் ஒரு பெட்டியைத் திறந்து, ஒட்டிக்கிடந்த ஒன்றைப் பிய்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். இப்பவும் குறை கண்டுபிடிக்கிறாரே இந்த மனிதர் என்றுதான் நான் நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார். "சரி, விடு, விடு" என்றார். அவ்வளவுதான் வந்தது. சொல்ல வந்த மீதியை மென்று முழுங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு பாப்பா கரண்டியைத் தொடவில்லை. வேறு ஊரில் ஒரு வேலை கிடைத்தது, போனாள். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூடப் புருஷன் வரக் காத்திருப்பாள். "நான் அடிச்சா கோணலாப் போயிடும் அத்தை, அவர் வரட்டும்" என்பாள். குழந்தையின் பிறந்தநாளுக்குக் கேக் கடையிலிருந்து வரும். "நம்ம கைதான் தெரியுமே" என்று சிரிப்பாள். தொட்டிலிலிருந்து என் கண்ணெதிரில் வளர்ந்த பெண், தன் கையைத் தானே ஏதோ ஊனம் மாதிரி பேசுவதைக் கேட்க எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு அந்த மிட்டாய் ஏன் ஒழுகியது என்று அப்போது எனக்கும் தெரியாது.

அண்ணி நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு ஆபீஸ் சிநேகிதி ஒருத்தி பார்க்க வந்தபோது, பாப்பா ஆப்பிளும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தாள். "எம் பொண்ணு தங்கம். கைவேலைதான் கொஞ்சம் போதாது" என்றார் அண்ணி, பிரியமாகத்தான். பாப்பாவும் சிரித்துக்கொண்டே கத்தியை என்னிடம் நீட்டினாள். கட்டில் கால்மாட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் எதிரில் இருந்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும். அவர் எழுந்து, தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வெளியே போனார். அந்த வாரமே அண்ணி போய்விட்டார்.

எல்லாம் முடிந்து வந்தவர்களும் கலைந்த பிறகு, என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அண்ணன் என்னிடம் சொன்னார். கத்தி, அரம், எல்லாவற்றையும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இத்தனை வருஷமா வாய்ல என்ன வெச்சிருந்தீங்க? ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு கொடுத்து என்ன பிரயோஜனம், சொல்ல வேண்டியதைச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையே!"

"மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். மறுநாள் சொன்னா, நேத்தே ஏன் சொல்லலேன்னு உன் அண்ணி கேப்பாளேன்னு இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் அதேதான்" என்றார். அவர் பயந்தாங்கொள்ளி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

"பாப்பாகிட்ட சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்றேன். ஒவ்வொரு தடவையும் போனில் மழை உண்டா, வெயில் எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். கடைசியில் அண்ணியின் அலமாரியை ஒழித்துக்கொடுக்கப் பாப்பாவே வந்தாள்.

அண்ணன் அன்றைக்குக் காரமல் கிண்ட ஆரம்பித்தார். அவருக்குப் பேச வேண்டுமென்றால் கையில் வேலை இருக்க வேண்டும். பாப்பா அம்மாவின் துணிகளை மடித்துக் கையில் அடுக்கிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் அண்ணனுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"பாப்பா, அன்னிக்கு ஆபீஸ் விழாவுல மிட்டாய் ஒழுகுச்சே, அது உன்னால இல்லம்மா. நீ ரிப்பன் வாங்கப் போனப்போ நான் எல்லாத்துக்கும் கால் சீவிட்டேன்."

அவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணு விடாம."

"அப்போ நான் செஞ்சது சரியாத்தான் இருந்துச்சா?"

"நான் செய்யறதைவிட நல்லா இருந்துச்சும்மா. எனக்குத்தான் பார்க்கத் தெரியல."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கடை போடலாம்ப்பா என்று சொல்லிக்கொண்டு திரிந்த பெண்ணின் முகம் அது. துணிகளை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மற்றக் கையைத் திருப்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு அந்த முகம் அப்படியே வாடியது.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

அண்ணன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காரமல் தீய்கிற வாசனை வந்தது. நான் போய் அடுப்பை அணைத்தேன்.

"கேக்கறேன்லப்பா. அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லணும்னுதான்மா இருந்தேன்" என்றார்.

பாப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணன் பிழைத்துப்போயிருப்பார். துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"கடைசியா ஆஸ்பத்திரியில அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அன்னிக்கு ஏதோ கோவத்துல திட்டிட்டேன், மனசுல வெச்சுக்காதே, எல்லாருக்கும் எல்லாம் வராதுதான்'னு சொன்னாங்கப்பா. நானும் ஆமாம்மான்னு சொல்லிட்டேன்."