பாபநாசம் படித்துறையில் ஒரு காலர் லேபிள்

பாபநாசம் படித்துறையில் சடங்கு முடித்தவர்கள் ஆற்றில் விட்ட துணிகளை இரண்டு பெண்கள் கம்பால் இழுத்துக் கரையில் குவிக்கிறார்கள். பழைய சட்டைகள் சேர்ப்பவன் நான். அவர்களிடம் கேட்டுக்கொண்டு குவியலைப் புரட்டுகிறேன். ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் திருநெல்வேலி ஜங்ஷன் தையல்கடை ஒன்றின் லேபிள். தொலைபேசி எண்ணுக்கு நான்கே இலக்கம். அப்படியானால் சட்டைக்கு நாற்பது வயதாவது இருக்கும். ஆனால் பக்கத் தையலில், சலவைக் குறிகள் அச்சிட்ட ரெடிமேட் லேபிள் புத்தம் புதிதாக இருக்கிறது. எனக்கு எரிச்சல். லேபிள் பொய் சொல்லாது என்று நம்புகிறவன் நான்.

"ஒரே சட்டைக்கு ரெண்டு வயசா?" என்று அந்தப் பெண்களிடம் கேட்கிறேன்.

மேல்படியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்கிறார். அவருடைய மொட்டைத் தலையில் ஈரம் காயவில்லை.

"வெள்ளைச் சட்டையா அண்ணாச்சி? எங்கப்பாவோடது. லேபிளு அவரு கல்யாணச் சட்டையில இருந்தது. அது கிழிஞ்ச பொறவு, எந்தச் சட்டை எடுத்தாலும் லேபிளப் பிரிச்சு அதுல தச்சுக்கிடுவாரு."

காலரைத் திருப்பிப் பார்க்கிறேன். கையால் போட்ட தையல்.

"பிரிச்சுத் தரட்டுமா? கத்தரி இருக்கு."

"வேண்டாம். ஆத்துல விட்டதத் திரும்பியே பாக்கக் கூடாதுல்லா." துண்டால் தலையைத் துடைக்கிறார். "நம்பர மட்டும் வாசிங்க."

முதல் இரண்டு எண்களை வாசிக்கிறேன். மீதி இரண்டையும், திரும்பாமலே, அவர் சொல்லிவிடுகிறார்.