முடிந்தால் பிரபஞ்சம் செய்வீர்களா?

1. அளத்தில் ஆள் இல்லை

நான் கோட்பாட்டு இயற்பியல்காரி. எங்கள் வேலைக்கு மெஷின் கிடையாது. பேப்பரும் கம்ப்யூட்டரும் போதும். ரிட்டயர் ஆவதற்கு முந்தைய கோடையில், லேபில் ஒரு பிரபஞ்சத்தை உருவாக்க முடியுமா என்ற என் கணக்கைப் பற்றிப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது. தினேஷ் என்ற உள்ளூர் யூடியூபர், "மரக்காணம் மேடம் செய்யற பிரபஞ்சம் பூமிய முழுங்கிடும்" என்று வீடியோ போட்டுவிட்டான்.

மறுநாள் காலை உப்பளத்துக்காரர் ரஃபி பாய் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், ஒரு பொம்பளையும் வேலைக்கு வரல. புள்ளைங்கள வுட்டுட்டு வர பயமா இருக்குதாம். மேகம் வேற கட்டுது. இன்னிக்கு வாரலன்னா உப்பு பூரா கரைஞ்சிடும். நீங்க வந்து சொல்லுங்க."

2. சர்ச் ஹால்

உப்பு வாரும் பெண்களால் ஹால் நிறைந்திருந்தது. தினேஷும் செல்போனோடு முன்வரிசையில் இருந்தான்.

கணக்கு சொல்வதைச் சொன்னேன். ஒரு உப்பு மூட்டையைவிடக் குறைந்த எடையை, அணுவுக்குள் இருக்கும் புரோட்டானைவிடப் பல மடங்கு சின்னதாக அமுக்க வேண்டும். அப்போது அதன் ஈர்ப்பு உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளலாம். அது ஊதிப் பெருகும். ஆனால் நம் இடத்தைப் பிடிக்காது, தனக்கென்று புது இடத்தை உண்டாக்கிக்கொள்ளும். நம் பக்கம் மிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கருந்துளை மட்டும். அதுவும் உடனே ஆவியாகிவிடும். அப்படி அமுக்க இன்று யாராலும் முடியாது.

தினேஷ் எழுந்தான். "முடிஞ்சா செய்வீங்களா மேடம்?"

மாட்டேன் என்றால் கூட்டம் அப்போதே நிம்மதியாகக் கலைந்துவிடும் என்று தோன்றியது. ரஃபி பாய் என்னையே பார்த்தார்.

"செய்வேன்" என்றேன். "நம்ம பிரபஞ்சம் எப்படிப் பிறந்ததுன்னு தெரிஞ்சுக்க ஆசை. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க முடியாது. அங்க உயிர் உண்டானா, ஒரு உதவியும் அனுப்ப முடியாது. அது எனக்கே சங்கடமாத்தான் இருக்குது."

வேலைக்குழுவின் மேஸ்திரி லூர்துமேரி எழுந்து, "வாங்கடி, போலாம்" என்றாள். எல்லோரும் அளத்துக்குப் போனார்கள். சாயங்காலம் மழை பிடிப்பதற்குள் முக்கால்வாசி உப்பை வாரிவிட்டார்கள்.

3. ஹெச்.ஓ.டி.யின் போன்

தினேஷ் "செய்வேன்" என்ற சொல்லை மட்டும் வெட்டி வீடியோவாகப் போட்டான். யுனிவர்சிட்டியிலிருந்து எங்கள் துறைத் தலைவர் ஹெச்.ஓ.டி. போன் செய்தார். "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க? முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே!"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் லூர்துமேரியிடம், செய்வேன் என்று சொன்னது தப்பா என்று கேட்டேன்.

"நீங்க மாட்டேன்னு சொல்லியிருந்தா நாங்க போயிருக்க மாட்டோங்க" என்றாள். "இத்தன வருசமா அதையே படிச்சிட்டு, ஆசையே இல்லன்னா யார் நம்புவா? ஆசைய சொன்னீங்க. அதனால ஆபத்து இல்லன்னு சொன்னதையும் நம்பினோம்."

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: ஆபத்தா என்று கேட்டால் கணக்கைச் சொல்லுங்கள். செய்வீர்களா என்று கேட்டால், மனசில் இருப்பதைச் சொல்லுங்கள்.