பச்சையில் வரைந்த தண்ணீர்

எனக்குப் பழவேற்காடு பிடிக்கவில்லை. பழவேற்காட்டுக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்பது பஸ்ஸை விட்டு இறங்கிய முதல் நாளே தெரிந்துவிட்டது. அப்படியொரு ஒருமித்த கருத்து பிறகு என் திருமண வாழ்க்கையில்கூட வாய்க்கவில்லை.

அப்போது நகர, வட்டாரத் திட்டமிடல் படிப்பில் கடைசி வருடம். ஒரு வட்டாரத்தைப் பொருளாதாரப் புவியியல் வழியாக ஆராய்ந்து, எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று வண்ணம் தீட்டிய வரைபடம் ஒன்று போட வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து பழவேற்காட்டு ஏரிக்கரையை ஒட்டி, ஆழமில்லாத தண்ணீரில் மண் கொட்டிச் சாலை போடும் யோசனை ஒன்று இருந்தது. அதற்கு ஆலோசனை சொல்லும் வேலை என் பேராசிரியருக்கு. "உன் வரைபடம் அப்படியே அறிக்கையில் போகும்" என்றார். நான் ஓர் அங்குலம் வளர்ந்தேன்.

முதல் அத்தியாயம் டச்சுக்காரர்களைப் பற்றியது. அவர்கள் இங்கே கோட்டை கட்டி உட்கார்ந்து, உள்நாட்டு நெசவூர்களின் துணியை வாங்கிக் கப்பலேற்றியதை, துறைமுகமும் அதற்குச் சரக்கு தரும் பின்னிலமும் என்று விளக்கியிருந்தேன். அவர்கள் காலத்து வரைபடம் ஒன்றின் நகல் கிடைத்தது. அதில் கோட்டை கொத்தளத்தோடு இருந்தது; ஏரி இருந்த இடம் வெறும் தாள். 'சரக்கு தராத தண்ணீர் அந்நியன் கண்ணில் படுவதில்லை' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை நானே மூன்று முறை படித்து ரசித்தேன்.

பிறகு கள ஆய்வு. கேள்வித்தாளோடு டீக்கடையில் நின்றேன்.

"இன்னா, போர்ட்டு ஆளா?" என்றார் ஒருவர்.

"இல்லீங்க, மாணவன்."

"அவனுங்களும் முன்னாடி மாணவனுங்கதான்."

அதோடு பேச்சு முடிந்தது. படகில் ஏற்றிப்போக ஆளில்லை. இருந்தாலும் பயனில்லை; படகில் கால் வைத்தாலே எனக்குக் குமட்டும். ஆகவே இடிந்த கோட்டை மேட்டில், முள்செடிகளுக்கு நடுவே நின்று ஏரியைப் பார்த்து எழுதினேன். போகிற வழியில், ஈரச்சேலையோடு வந்த ஒரு நடுவயதுப் பெண் வழிமறித்தார்.

"இன்னா சார், தெனம் மேல நின்னுக்கினு எங்களயா எழுதறே?"

"இல்லம்மா. ஏரியை."

"அப்போ நாங்க இன்னா, ஏரிக்குப் போட்டிருக்கற திருஷ்டிப் பொட்டா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மேட்டிலிருந்து பார்த்தால், கரையோரத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் தலைகள் மிதந்தன. காலையிலிருந்து மதியம்வரை சத்தமாகப் பேசிக்கொண்டு, அவ்வப்போது முங்கிக்கொண்டு. என் வகைப்பாட்டில் அதற்கு ஒரு நிறம் தயாராக இருந்தது: பச்சை. குறிப்பில் எழுதினேன்: 'குளியல், பொழுதுபோக்கு.'

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் அதிகாரி. அவருக்குப் பின்னால் என் வரைபடம். "இந்தப் பச்சைப் பகுதியில் தொழில் எதுவும் இல்லை, சாலைக்குத் தோதான இடம்" என்று அவர் படித்ததும் அதே பெண் எழுந்தார்.

"யார் குளிக்கறது அங்க?"

"பறிக் கூடையப் பல்லுல கடிச்சிக்கினு, சேத்துல கையால தடவி எறா புடிக்கறோம். அதுலதான் எங்க வூட்டுல ஒல பொங்குது. அங்க மண்ணக் கொட்டுனா தார்ல தடவறதா? வரைஞ்சவன் அதோ குந்திக்கினு இருக்கான், கேளு."

எல்லாரும் திரும்பினார்கள். பேராசிரியர் கூரையின் மின்விசிறியை ஆராய்ந்தார். நான் எழுந்தேன்.

"எங்க நின்னு பாத்தே?" என்று அந்தப் பெண்ணே கேட்டார்.

"கோட்டை மேட்டுல."

"தண்ணியில எறங்கினியா?"

"இல்ல."

பின்னாலிருந்து பேராசிரியர் சட்டையை இழுத்தார். "வகைப்பாட்டில் சிறு வேறுபாடுன்னு சொல்லிட்டு உட்காருப்பா."

"தப்பு சார். வரைபடம் தப்பு" என்றேன் அதிகாரியிடம்.

இதை வீரம் என்று யாரும் எண்ண வேண்டாம். பேராசிரியருக்குக் கார் இருந்தது. நான் அந்தக் கூட்டத்தோடுதான் பொன்னேரி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

மறு ஆய்வு முடியும்வரை சாலைப் பேச்சு இல்லை என்று எழுதிவிட்டு அதிகாரி போனார். அந்த வருடம் எனக்குப் பட்டம் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போனார். பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாகவே வந்தது, யாரும் உட்காரவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் ஒரு பறியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். சேறு முழங்கால்வரை விழுங்கியது. பறியைக் கடித்ததில் தாடை வலித்தது. இறால் கைக்குள் வரும், வந்த வேகத்தில் போகும். ஒரு நண்டு மட்டும் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மதியம் என் பறியில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. நிறைந்திருந்த தன் பறியைக் கரையில் வைத்துவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்போ நீதான் குளிச்சே. வேணும்னா உன்ன மட்டும் பச்சையில போட்டுக்கோ."