ஜன்னலில் வைத்த எண்ணெய் பாட்டில்

கொசுவுக்கு என்னை ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்று இன்றுவரை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் நைனா, அம்மா, இரண்டு தம்பிகள், நான். சாயங்காலமானால் எல்லோரும் கூடத்தில் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருப்போம். அவர்கள் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் காலிலும் கையிலும் பட் பட்டென்று அடித்துக்கொண்டிருப்பேன். "இவ ரத்தத்துல சர்க்கர கீது" என்பார் நைனா. சர்க்கரையாவது மண்ணாவது! தம்பிகள் இருவரும் நான் தங்கள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்று சண்டை போடுவார்கள். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பக்கத்தில் இருந்தால் கொசு அவர்களைத் தொடாது, அதற்காகத்தான்.

நைனா முதலில் பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அம்பத்தூரில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும் ஒரு பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் வந்தது, ஓட்டு வீடு வந்தது. கூடவே கொசுவும் வந்தது. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கட்டடங்களுக்காக மண் தோண்டிய பள்ளங்கள். மழை பெய்தால் பள்ளமெல்லாம் தண்ணீர் நின்று, பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் 'ஙொய்' என்று ஒரே சத்தம். கொசு போதாதென்று பெஞ்சில் மூட்டைப்பூச்சி, முருங்கை மரத்தடியில் கட்டெறும்பு. எல்லாவற்றுக்கும் என் விலாசம் தெரியும்.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. விளக்கு வைப்பதற்கு முன்பே சட்டியில் வரட்டி நெருப்புப் போட்டு, மேலே வேப்பிலையும் நொச்சியும் கிள்ளிப் போட்டுப் புகை பிடிப்பாள். கொசு போகும், கூடவே நாங்களும் இருமிக்கொண்டு வெளியே போவோம். வெளியே போனால் அங்கே வேறு கொசு. கடித்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் வைப்பாள், வெங்காயத்தை நறுக்கித் தேய்ப்பாள், சில நாள் தயிர். எதுவும் ஒரு நாழிகைக்கு மேல் நிற்காது. தூக்கத்தில் என்னை அறியாமல் சொறிந்து, காலையில் பார்த்தால் கையெல்லாம் ரத்தப் பொட்டு. "சொறியாதடி, நாளைக்கு ஒருத்தன் வந்து பாக்க வேணாமா உன்ன?" என்று திட்டுவாள். எனக்கு மட்டும் ஆசையா சொறிவதற்கு?

அறுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவுக்குத் தினமும் பூக்கார அம்மா ஒருவர் வருவார். பூந்தமல்லியிலிருந்து பூ வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுப்பவர். எந்த வீட்டில் பெண், எந்த வீட்டில் பையன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர்தான் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். "புள்ள பூந்தமல்லி. கரன்ட்டு கம்பத்துல ஏறி வேல செய்ற லைன்மேனு. குடி இல்ல, சீட்டு இல்ல. அம்மா மட்டும் கொஞ்சம் வாயி" என்றார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குந்தான்.

அங்கேதான் சனி பிடித்தது. அவர்கள் பெண் பார்க்க வருவதற்குச் சில வாரம் முன்பு என் முன்கையில் கடிகள் தடித்துச் சிவந்து கிடந்தன. தேள் கொட்டினால் சுண்ணாம்பு வைப்பார்களே, அதுபோல இதற்கும் வைத்தால் ஒரேயடியாக ஆறிவிடும் என்று அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, நான் சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்த ஒவ்வொரு பொட்டின் மேலும் அப்பினாள். ஐயோ, அந்த எரிச்சலை என்னவென்று சொல்ல! கழுவுகிறேன் என்று ஓடினால் கையைப் பிடித்துக்கொண்டாள். தோல் வெந்து, பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்தது. உதிர்ந்த இடமெல்லாம் வெண்குஷ்டம் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பொட்டு நின்றது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படியில் போய் அழுதாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு எனக்கு முக்கால் கை ரவிக்கை போட்டுவிட்டாள். மீதிக் கைக்குப் பவுடர். "இன்னா நடந்தாலும் சொறிய கூடாது. கொசு தூக்கிகினு போனாகூட ஆடாம உக்காரு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவர்கள் சாயங்காலம்தான் வந்தார்கள், சரியாகக் கொசு எழுந்திருக்கிற நேரம். பையன், அவருடைய அம்மா, ஒரு பெரியப்பா, பூக்கார அம்மா. பையன் ஜன்னலை ஒட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எதிரே பாயில்.

பெண் தலை நிமிரக் கூடாதல்லவா? அதனால் அவர் முகத்துக்கு முன்னால் நான் பார்த்தது அவர் காலைத்தான். என் காலில் ஒரு பட்டாளமே கடித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தால், பெஞ்சுக்கு அடியில் அவருடைய இடது கால் வலது காலின் கணுக்காலை மெல்லத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் நிற்கும், திரும்பத் தேய்க்கும். கணுக்கால் முழுக்க என் காலில் இருப்பது மாதிரியே கறுத்த தழும்புகள். பக்கத்தில் இருந்த பெரியப்பாவின் கால்கள் ஆடாமல் அசையாமல் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிஷமே நான் மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இந்த ஆளைக் கட்டிக்கொண்டால் சுகமாகச் சேர்ந்து சொறியலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

நைனா பேச்சுக்குப் பேச்சாக, "கம்பத்துல ஏற்றது கஷ்டமான வேலையா தம்பி?" என்று கேட்டார்.

"வேல ஒண்ணும் கஷ்டமில்ல மாமா, கொசுதான்" என்றார் அவர். "மேல போய்ட்டா ரெண்டு கையும் வேலையா இருக்கும். கடிச்சா அடிக்க முடியாது, சொறிய முடியாது. சும்மா பாத்துகினு இருக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள். "அதுக்குன்னு நானே ஒரு எண்ணெ காச்சி வெச்சிக்கிறேன். தடவிகினுதான் ஏறுவேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினார். பேச்சு நைனாவிடம் இருந்தாலும் அதைச் சொன்னது என்னிடம்தான். தலை குனிந்திருந்தாலும் அதுகூடவா தெரியாது?

காப்பி கொடுக்க எழுந்தேன். அவர் அம்மா டம்ளரை வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். "இன்னாம்மா இது, வெள்ளையா கீது?"

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். கொசுக்கடிக்குச் சுண்ணாம்பு வைத்தேன் என்று ஒரு வார்த்தை. ஆனால் என் அம்மா பதறிப்போய், "பஜ்ஜி மாவும்மா, ஒட்டிகினு கீது" என்றாள். அந்த அம்மா முந்தானையால் அழுத்தித் துடைத்தார். பவுடர் போயிற்று. பொட்டுகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

"கொசுக்கடிமா அது. மேல இன்னாவோ வெச்சி வெந்துகீது" என்றார் அவர்.

"நீ சொம்மா இரு" என்றார் அவர் அம்மா.

அதற்கு மேல் நிற்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்த் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர்கள் எழுந்தார்கள். 'சொல்லி அனுப்பறோம்' என்ற பேச்செல்லாம் முடிந்து எல்லோரும் வாசலுக்கு இறங்கினார்கள். கடைசியாக அவர். பெஞ்சைத் தாண்டும்போது பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். திரையை ஒரு தரம் பார்த்தார். அப்போதுதான் நானும் அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெருமுனைவரை நைனாவும் அம்மாவும் வழியனுப்பப் போயிருந்தார்கள். நான் ஓடிப்போய் ஜன்னலண்டை நின்றேன். எடுக்கவா, வேண்டாமா? எடுத்து எங்கே ஒளிப்பது? இந்த யோசனையில் நின்ற நேரத்தில் நைனா திரும்பி வந்துவிட்டார்.

"அடடா! புள்ள பாட்டில மறந்து வுட்டுட்டுப் போய்ட்டாரே!" என்று பாட்டிலை எடுத்தார்.

"நைனா..." என்றேன்.

"இன்னாம்மா?"

என்னவென்று சொல்வது? எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று பதினெட்டு வயசுப் பெண் எந்த நைனாவிடம் சொல்வாள்? "ஒண்ணுமில்ல" என்றேன். அதற்குள் அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டம் பிடித்திருந்தார்.

வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "பஸ்ஸு கெளம்பிடுச்சி. குறுக்க போய் கைய நீட்டி நிறுத்தி, ஜன்னல் வயியா குட்த்துட்டேன்" என்றார்.

"இன்னா சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. வாங்கி ஜோபில போட்டுகினாரு."

பாட்டில் இருந்த இடத்தில், ஜன்னல் கட்டையில், வட்டமாக எண்ணெய்க் கறை இருந்தது. யாரும் பார்க்காதபோது அதை விரலால் வழித்து மணிக்கட்டில் தடவிக்கொண்டேன். வேப்பெண்ணெய் வாசனை, கற்பூர வாசனை, அதற்கும் மேலே புல்லைக் கசக்கினது மாதிரி ஒன்று. தடவின இடத்தில் கொசு உட்காரவே இல்லை. மற்ற இடமெல்லாம் வழக்கம்போலப் பிய்த்து எடுத்தது.

ஒரு வாரம் கழித்துப் பூக்கார அம்மா வந்து ஜாதகம் சரியில்லையாம் என்றார். ஜாதகமே கொடுக்காத இடத்தில் என்ன ஜாதகம்? அம்மா சுண்ணாம்பு டப்பாவைத் தூக்கித் தெருவில் எறிந்தாள். நான் அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை, பாவம், என் கை ஆற வேண்டும் என்றுதானே வைத்தாள். என் கோபமெல்லாம் அவர்மேல்தான் திரும்பியது. தன் அம்மாவுக்குப் பயந்தவன் எதற்குப் பாட்டிலை வைத்து ஆசை காட்டினான் என்று ரொம்ப நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அம்பத்தூர் மார்க்கெட்டில் அதே பூக்கார அம்மாவைப் பார்த்தேன். அதற்குள் எனக்கு வேறு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பொட்டு ஒன்றுகூட இல்லை. தோல் பழைய நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது.

"அநியாயம்" என்றார். "அந்தப் புள்ள அவங்கம்மாவாண்ட எவ்ளோ சண்ட போட்டுச்சி தெரியுமா? 'அது வெந்த தயும்பு, ஆறிடும், நான் எண்ணெ வெச்சிட்டு வந்துகீறேன்'னு. அவங்கம்மாகூட கொஞ்சம் எறங்கி வந்தாங்க. அப்பால கேட்டாங்க, 'நீ வெச்ச எண்ணெயத்தான் பஸ்ஸுவரிக்கும் தொரத்தி வந்து மூஞ்சிலயே திருப்பிக் குட்த்துட்டாங்களே, இதுக்கு மேல பொண்ணு ஊட்டுக்காரங்க எப்டிடா வேணாம்னு சொல்லுவாங்க?'ன்னு. அதோட அந்தப் புள்ள வாய தொறக்கல. தையில கல்யாணம் ஆய்டுச்சி."

நான் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போயிருந்தேன். வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்கினேன். அழுவதற்கு அதுவாவது ஒரு சாக்காயிற்று.

என் வீட்டுக்காரர் நல்லவர்தான். குறை சொன்னால் வாய் அழுகிவிடும். ஆவடியில் வேலை, அங்கேயே குடித்தனம். ஆனால் அவரைக் கொசு கடிக்காது. ஏரியில் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் கடிக்காது. நான் புரண்டு புரண்டு அடித்துக்கொண்டால், "எங்கடி கீது கொசு? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்பார். எனக்கென்று தனியாக ஒரு கொசுவலை வாங்கித் தந்தார், அதையும் சொல்ல வேண்டும். வேப்பெண்ணெயும் கற்பூரமும் தேங்காய் எண்ணெயும் கலந்து நானே காய்ச்சிப் பார்த்தேன். எத்தனையோ புல்லைக் கசக்கிப் போட்டுப் பார்த்தேன். அந்த வாசனை வரவே இல்லை. அந்த லைன்மேன் வேறு என்னதான் போட்டாரோ.

எழுபதுகளில் எங்கள் தெருவில் யாருடைய குழந்தைக்குப் பூச்சி கடித்தாலும் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். நான் சொல்வது எல்லாம் சாதாரணம்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் கைகால் மூடின சட்டை போடுங்கள், தொட்டித் தண்ணீரை மூடி வையுங்கள், கடித்தால் சொறியாமல் ஈரத்துணியை அழுத்திப் பிடியுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். யாராவது சுண்ணாம்பு என்று வாயெடுத்தால் மட்டும் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஏன் இந்த அம்மா இதற்குப் போய் இப்படிக் கத்துகிறாள் என்று பார்ப்பார்கள்.

நைனா எங்கள் வீட்டுக்கு வந்தால் சாயங்காலம் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காருவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கொசு அடிப்பேன். வயசாக ஆக அவருக்குச் சொல்வதற்கு இருந்த கதைகள் குறைந்துகொண்டே வந்தன. அந்தக் கதை மட்டும் குறையவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்வார், என் பிள்ளைகளிடம் சொல்வார், அடுத்த வீட்டுக்காரரையும் விடமாட்டார். "ஒரு எண்ணெ பாட்டிலுதான். இருந்தாலும் அடுத்தவன் பொருளு நமக்கு எதுக்கு? ஓட்ற பஸ்ஸ நிறுத்திக் குட்த்தேன்!" என்பார். "நேர்மையான மனுஷன் மாமா நீங்க" என்பார் என் வீட்டுக்காரர், உண்மையாகவே.

நைனா உடனே என் பக்கம் திரும்புவார். "நீயே சொல்லும்மா, நீதான் ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தியே."

"ஆமா நைனா, அங்கதான் நின்னுகினு இருந்தேன்" என்பேன்.