‘யடே’ என்று சொல்லும் கால்கள்

ரப்பர் பூட்ஸ் விற்கிறவளுக்கு முகம் பார்க்கத் தெரியாவிட்டாலும் போகிறது, கால் கட்டைவிரலைப் பார்க்கத் தெரிய வேண்டும். ரங்கூன் பபேடானில் பதினெட்டு வருஷமாகச் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். குனிந்து குனிந்தே இடுப்பு போயிற்று. கடை வைத்து நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சணல் கயிறு

மழை பிடிக்கும் முன்னே மா தின் வந்தாள். லைங் தாயாவைத் தாண்டி வயல். புருஷன் கோ முத்து நம்ம தமிழ் ஆள். அவனைக் கட்டிக்கொண்டு இவளும் தமிழ் பழகிவிட்டாள். போன வருஷம் பக்கத்து வயல்காரரை விரியன் கடித்து, ஆள் பிழைக்கவில்லை. கோ முத்துவோ வெறுங்காலோடு நடவுக்குப் போகிறவன், அறுப்பு முடிந்தால் வரப்பைத் தோண்டி எலி வேட்டைக்கும் போகிறவன். எலி இருக்கிற வளையில் பாம்பும் இருக்குமே!

அவனுக்கு பூட்ஸ் வேண்டும் என்று அவள் நீட்டியது ஒரு சணல் கயிறு, அதுதான் கால் அளவு. “ஆளைக் கூட்டி வாயேன்டி, நின்றால் பாதம் விரியும்” என்றேன். அவள் சொன்னாள்: “மத்தியானம் படுத்திருக்கையில அளந்தேன், அக்கா. முழிச்சிருந்தா வேண்டாம்னுடுவாரு.”

ஆனாடே

மறுவாரம் அவனையே இழுத்து வந்துவிட்டாள். பூட்ஸைப் போட்டு நடக்கச் சொன்னேன். முகம் சிரிக்கிறது, நடை அழுகிறது. “கடிக்குதா?” என்றால் “யடே” என்கிறான். பர்மாக்காரர் பேச்சில் பரவாயில்லை, ஆகும் என்று அர்த்தம். இந்த ஊரில் ‘ஆனாடே’ என்று ஒன்று உண்டு. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்க மனசு கூசுவது. அது ஒட்டிக்கொண்டால் காலில் ரத்தமே வந்தாலும் வாயில் குறை வராது.

எனக்குத் தெரிந்தது, இறுக்கம்தான். ஆனால் கடையில் கூட்டம், விட்டுவிட்டேன். பாவி நான், விட்டிருக்கக் கூடாது. வாசலில் திரும்பிக் கும்பிட்டு வேறு சொன்னான்: “இவ்வளவு சிரமப்பட்டு எடுத்துக் காட்டினீங்களே, அக்கா. யடே, யடே.”

துடைத்து வைத்த பூட்ஸ்

நாலு மாதம் கழித்து மா தின் தனக்குச் செருப்பு வாங்க வந்தாள். “பூட்ஸ் எப்படியிருக்கு?” என்று கேட்டதுதான் தாமதம், கண் கலங்கிவிட்டாள். அறுப்பு நெருங்குகிறது, எலி வேட்டைக்கு ஆள் சேர்த்தாயிற்று, இவன் இன்னும் வெறுங்கால். எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது, அவனையா என்னையா? அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: “உங்க மனசு நோகக் கூடாதுன்னு தினம் துடைச்சு வைக்கிறாரு, அக்கா. போடறதுதான் இல்ல.”

தம்பியின் கால்

ஆளை வரச் சொல்லி அனுப்பினேன், சாயங்காலமாக. நாள் முழுக்க உழைத்த கால் அப்போதுதான் தன் நிஜ அளவுக்கு வீங்கியிருக்கும். வந்தவனிடம் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். “உன் தம்பிக்கு ஒரு சோடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கா உன் பெண்டாட்டி. அவன் காலும் உன் காலும் ஒண்ணுதானாமே, போட்டுப் பார்த்துச் சொல்லு.”

அட, அப்புறம் பார்க்கணுமே அவன் அதிகாரத்தை! தடித்த சாக்ஸ் கேட்டான். வரப்பில் உட்காருவதுபோல் குந்திப் பார்த்தான். குதிகாலில் ஒரு விரல் போகிறதா, ஆடுசதையைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருக்கிறதா, சேற்றில் அடி வழுக்குமா என்று என்னைக் குடைந்து எடுத்துவிட்டான். ஐந்து சோடி தள்ளினான். நான்காவதைக் கழற்றும்போது சொன்னான்: “எனக்குன்னா யடே. தம்பிக்கு இது கட்டைவிரல்ல கடிக்கும், அக்கா. பாவம் அவன்.”

ஆறாவது சோடியை அவன் கையில் திணித்து, “தம்பிக்கும் இல்லை, கிம்பிக்கும் இல்லை, உனக்குத்தான். போட்டுட்டு வேட்டைக்குப் போ” என்றேன். வெட்கப்பட்டான், வாங்கிக்கொண்டான்.

ஓட்டை

அறுப்பு முடிந்து ஒரு காலை, கோ முத்து தனியாக வந்தான். பூட்ஸைத் தரையில் வைத்தான். முழங்காலுக்குக் கீழே சின்னதாக இரண்டு பொத்தல். எலி வளையைத் தோண்டும்போது விரியன் பாய்ந்ததாம். பல் ரப்பரைத் தாண்டியிருக்கிறது. உள்ளே இருந்த அந்த இரண்டு விரல் இடம், அதற்கு மேல் போகவில்லை. இறுக்கமான பழைய சோடியாக இருந்திருந்தால்? முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். ‘யடே’யைத் தவிர வேறு தெரியாத அந்த மனுஷன் என்னை நேராகப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கறாராகச் சொன்னான்: “இது ஆகாது, அக்கா. தண்ணி உள்ள வருது, மாத்திக் குடுங்க.”

வாடிக்கைக்காரர் குறை சொன்னார் என்பதற்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிய கடைக்காரி ரங்கூனில் நான் ஒருத்திதான் இருப்பேன்.