பெரிய கிராணியின் இணையப் பக்கம்

பெரிய கிராணியின் மேசையில், கணினிக்குப் பக்கத்தில், பட்டப்பகலிலும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். மலேசியாவில் கேமரன் மலையின் ஈரம் தெரிந்தவர்களுக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே பீரோவில் வைத்த சட்டைக்குப் பூஞ்சை பிடிக்கும், செருப்புக்குப் பிடிக்கும், சாமி படத்துக் கண்ணாடிக்குள்ளேயும் பிடிக்கும். பல்பின் சூடு இல்லாமல் கணினிக்குள் பூஞ்சை புகுந்தால் தோட்டத்துத் துரைக்கு யார் பதில் சொல்வது என்று அவர் அந்தப் பல்பை அணைக்கவே விடமாட்டார். அவர் அப்போது அந்தத் தேயிலைத் தோட்ட ஆப்பீஸின் தலைமைக் குமாஸ்தா, நான் அவருக்குக் கீழே சின்னக் கிராணி. இப்போது கம்போங் ராஜாவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். இணையத்தில் ஏற்றிவிட்டால் எதுவும் அழியாது என்று யாராவது கடையில் வந்து சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு அந்த மனிதர்தான் காரணம்.

ஆப்பீஸுக்கு இணையம் வந்த புதிதில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. தோட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் போட வேண்டும். மழை, மண்சரிவு, கோயில் திருவிழா, தொழிலாளர் லயத்தில் யார் வீட்டில் கல்யாணம், எல்லாம் அதில் வர வேண்டும். காசில்லாமல் இடம் கொடுக்கிற ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் நான்தான் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தேன். வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டுவார். "ஒலகமே படிக்குது தம்பி, தப்பில்லாம போடணும்" என்பார். உலகம் எங்கே படித்தது? பக்கத்தின் அடியில், எத்தனை தடவை திறந்தார்கள் என்று காட்டும் ஓர் எண்ணிக்கைப் பெட்டி இருந்தது. அது ஏறினாலே அவருக்குச் சந்தோஷம். பாதி அவர் திறந்து பார்த்துப் பார்த்து ஏறியது.

அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழ் எழுதுவது பெரிய கூத்து. இப்போது போல எந்தப் போனைத் திறந்தாலும் தமிழ் வந்து நிற்காது. கணினிக்குத் தெரிந்தது வெள்ளைக்காரர்களின் எழுத்து மட்டும். அந்த எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து ஓர் எழுத்துரு செய்வார்கள். அதை நம் கணினியில் போட்டிருந்தால் 'அ' என்று தெரியும். போடாவிட்டால் அதே இடத்தில் தலையில் கொம்பும் காலில் வாலும் வைத்த ஏதோ ஓர் ஐரோப்பிய எழுத்து தெரியும். இதில் அச்சகத்துக்கு அச்சகம் வேறு எழுத்துரு, பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு எழுத்துரு. ஒன்றில் எழுதியது இன்னொன்றுக்குப் புரியாது. ஊரில் எல்லாரும் புழங்கிய எழுத்துருக்கள் இருக்க, பெரிய கிராணி எதைப் பிடித்தார் தெரியுமா? தாப்பாவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர் ஒருவர் தன் வசதிக்குச் செய்துகொண்ட ஒன்றை. கேட்டால், "எழுத்து முத்து முத்தா இருக்கு லா" என்றார்.

பக்கத்தின் தலையில் நான் ஆங்கிலத்தில் இரண்டு வரி போட்டு வைத்தேன். இதைப் படிக்க இந்த எழுத்துருவை இறக்கி உங்கள் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள் என்று. கீழே ஒரு பொத்தான். அதைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. "தமிழ்ப் பக்கத்துல மொத வரியே இங்கிலீசா?" என்றார். அந்த வரி இல்லாவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது என்று நான் மன்றாடி அதைக் காப்பாற்றினேன். கொஞ்ச நாளில் நான் வேலையை விட்டுக் கம்போங் ராஜாவுக்கு வந்துவிட்டேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறி பரவத் தொடங்கியதும் அவருக்குப் போன் போட்டு, "பெரிய கிராணி, எல்லாத்தையும் மாத்திரலாம், நான் வந்து செஞ்சு தரேன்" என்றேன். "எனக்கு நல்லாத்தானே தம்பி தெரியுது" என்று வைத்துவிட்டார். அவர் கணினியில் தெரியாமல் என்ன? அந்த எழுத்துரு இருந்த கணினியே அதுதானே.

நான் தோட்டத்தை விட்டு வந்த பிறகு அவர் வீட்டில் ஒரு புயல் அடித்தது. ஒரே மகள். திரிங்காப்பில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீனரின் மகனைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டாள். பையன் லோரியில் காய் ஏற்றிப் போகிறவன், நல்ல பையன். பெரிய கிராணி வாசலில் நின்று இனி இந்தப் படியை மிதிக்காதே என்று சொன்னாராம். சொன்னவர் அதோடு வாயை மூடிக்கொண்டார். அவளும் அவர் மகள்தானே, அதே வீம்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரிங்லெட்டில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தார். மகள் வந்தாள், அழுதாள். முகத்தைத்தான் பார்க்க முடிந்தது.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் அவள் என் கடைக்கு வந்தாள். கையில் போன். "அண்ணே, அப்பா பக்கம் இன்னும் இருக்கு. ஆனா எழுத்தே தெரியல. மாசக் கடைசியில மூடப் போறோம்னு கம்பெனிக்காரன் மேல போட்டிருக்கான்" என்றாள். வாங்கிப் பார்த்தேன். மூடப்போகிற அறிவிப்பு மட்டும் பளிச்சென்று ஆங்கிலத்தில் இருந்தது. படங்கள் எல்லாம் போய்விட்டன. மிச்சம் முழுக்கக் கொம்பும் வாலும். நான் போட்ட ஆங்கில வரிகளைத் தேடினேன், காணோம். அந்த இடத்திலும் கொம்பும் வாலும்தான். மனுஷன் நான் போனதும் அதை எடுத்துவிட்டுத் தமிழில் ஏதோ எழுதி வைத்திருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். பெட்டியைத் திறக்கிற சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி.

"இதுல என்னம்மா தேடுற?" என்று கேட்டேன். "என்னைப் பத்தி ஒரு வரியாச்சும் எழுதியிருக்காரான்னு பாக்கணும்ணே. திட்டியிருந்தாலும் பரவால்ல" என்றாள்.

பொத்தானை அழுத்தினால் கோப்பு இல்லை என்று வந்தது. பழைய எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுக்கிற தளங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அதெல்லாம் ஊரறிந்த எழுத்துருக்களுக்கு. கல்யாணப் பத்திரிகைக்காரர் எழுத்துரு அதற்கு எங்கே தெரியும்? 'ஃஞூழ்' என்று எதையோ துப்பியது. தோட்ட ஆப்பீஸுக்குப் போன் போட்டேன். அந்தக் கணினியை எப்போதோ பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பல்பு எரித்துக் காப்பாற்றிய கணினி. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையில் இருந்த அவளிடமே அவள் அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. "நான் கல்யாணமான புதுசுலயே போன் போட்டேண்ணே" என்றாள். "ஆப்பீஸுக்கு. எல்லாரும் போன பொறகு அவரு மட்டும் இருப்பாருன்னு சாயங்காலமாத்தான் போடுவேன். எப்பப் போட்டாலும் எங்கேஜ். நான் கூப்பிடுவேன்னு ரிசீவரை எடுத்து வச்சிட்டாருன்னு விட்டுட்டேன்."

அந்தக் கால இணையத்துக்கும் போனுக்கும் ஒரே கம்பி. ஒன்று ஓடினால் மற்றொன்று ஓடாது. ஆப்பீஸில் இருந்ததோ ஒற்றைக் கம்பி. சாயங்காலம் அவர் பக்கம் ஏற்ற உட்கார்ந்தால், போன் போடுகிற அத்தனை பேருக்கும் எங்கேஜ் சத்தம்தான். அதை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தோன்றியது.

அப்புறம்தான் எனக்குத் தாப்பா அச்சகம் ஞாபகம் வந்தது. இருவரும் என் காரில் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கினோம். பழைய அச்சகக்காரர் இல்லை, மகன் இருந்தார். பேனர் அடிக்கிற பெரிய இயந்திரம், அதன் பக்கத்தில் தூசி பிடித்த ஒரு கணினி. தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்பா செஞ்ச எழுத்தா? இன்னும் அதுலதான் லா அடிக்கிறோம்" என்றார் அவர் சாதாரணமாக. "கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் அதுதான். கஸ்டமருக்கு அதுதான் புடிக்குது." உலகத்துக் கணினிகள் எல்லாம் தொலைத்துவிட்ட ஒன்று, கருமாதிப் பத்திரிகை அடிக்கிற கடையில் நாள் தவறாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பதா அழுவதா?

அவர் நாற்காலியிலேயே எங்களை உட்கார வைத்தார். பக்கத்தைத் திறந்தேன், அந்த எழுத்துருவில் காட்டு என்று கணினிக்குச் சொன்னேன். கொம்பும் வாலும் உதிர்ந்து பெரிய கிராணி வந்தார். மழை, மண்சரிவு, புதுத் துரையின் நாய், மாரியம்மன் கோயில் தேருக்கு வண்ணம் பூசியது. அவர் குரலே காதில் கேட்டது. மகள் வேகவேகமாகக் கீழே உருட்டிக்கொண்டே போனாள், தன் பெயரைத் தேடி. பெயர் இல்லை. "இல்லண்ணே" என்றாள். நான்தான் தலையில் இருந்த வரிகளைப் பார் என்றேன், என் ஆங்கிலத்தை எடுத்துவிட்டு என்ன கிழித்திருக்கிறார் என்று பார்க்கும் எரிச்சலில்.

'பாப்பா, நீ இந்தப் பக்கத்தைப் பார்க்கிறாய் என்று சித்தி சொன்னாள். எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் கீழே உள்ள பொத்தானை அழுத்தி இறக்கிக்கொள்' என்று தொடங்கியிருந்தது.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் அது இருந்தது. போகப் போக நீண்டது. அவளுக்குப் புரியவில்லை போலும் என்று நினைத்து, அடுத்த பதிவில் இன்னும் விளக்கமாக, அதற்கடுத்ததில் இன்னும் எளிதாக எழுதியிருந்தார். முதலில் இதை அழுத்து, பிறகு ஒரு பெட்டி வரும், பயப்படாதே, சரி என்று கொடு. எனக்கு ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்லும்போதே எரிந்து விழுகிற மனிதர் அவர். படிக்கச் சொல்லிக் கொடுக்கிற அத்தனையும், படிக்க முடியாத அதே எழுத்தில்.

ஓய்வு பெற்ற சமயம் போட்ட கடைசிப் பதிவில் விளக்கம் எதுவும் இல்லை. 'பாப்பா, நீ படித்த பிள்ளை. இந்த எழுத்தை இறக்க உனக்குத் தெரியாமல் இருக்காது. படிக்கப் பிரியமில்லை என்று புரிந்துகொண்டேன். இனி தொந்தரவு செய்யமாட்டேன்.'

"வாரா வாரம் பாத்தேண்ணே" என்றாள் அவள். "ஒண்ணும் புரியலன்னாலும் புதுசா போட்டிருக்காரான்னு பாப்பேன். போட்டிருந்தா ஒடம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்." அச்சகக்காரர் வெளியே போய்விட்டார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இறந்தவர் மேலா, அந்தக் கம்பியின் மேலா, அவள் பார்க்கிறாள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவளுக்கு எழுத்து தெரிகிறதா என்று கேட்டுச் சொல்லாத அந்தச் சித்தியின் மேலா?

பக்கத்தின் அடியில் வந்தவர்கள் கருத்து எழுதுகிற பெட்டி இன்னும் வேலை செய்தது. அவள் தன் போனில் அதைத் திறந்து, இன்றைய தமிழில், படிச்சிட்டேன்ப்பா என்று தட்டி அனுப்பினாள். பக்கத்தில் அது வரிசையாகக் கேள்விக்குறிகளாகப் போய் விழுந்தது. புதுத் தமிழ் அந்தப் பழைய பக்கத்துக்குத் தெரியாது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நவுரும்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் எழுத்துருவில் எந்த விசையில் எது இருக்கிறது என்று எனக்குப் பாதி மறந்துபோயிருந்தது. தேடித் தேடி, அவரைப் போலவே ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். அவள் பக்கத்தில் நின்று சரிபார்த்தாள். அனுப்பினேன். கேள்விக்குறிகளுக்குக் கீழே அந்த ஒரு வரி முத்து முத்தாக வந்து நின்றது.

"போயிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"போயிருச்சும்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?