சாமி கிடாவுக்குப் போட்ட கம்மல்

பாவூர்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். வேலைக்கு வந்த புதிதில் திருத்திப் பார்த்தேன், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நைட்ரஜன் கேனை இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் என் பிழைப்பு. கேனுக்குள் உறைய வைத்த விந்துக் குச்சிகள் இருக்கும். மாடோ ஆடோ பருவத்துக்கு வந்து கத்தினால் எனக்குப் போன் வரும். நான் போய்ச் சினை ஊசி போட்டுவிட்டு வருவேன். ஊசி என்று பேர்தானே தவிர அதில் ஊசி எதுவும் கிடையாது.

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு ஆடு உண்டு. கன்னி ஆடு. உடம்பு கருப்பு, முகத்தில் கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை இரண்டு வெள்ளைக் கோடு. எந்த வெயிலையும் தாங்கும், முள்ளைத் தின்றும் பால் கொடுக்கும். ஆனால் இப்போது எல்லாருக்கும் வேண்டியது புளியரைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலிருந்து வருகிற தலச்சேரி ஆடும், பெரிய காது வைத்த கலப்பு ஆடும்தான். அவை சீக்கிரம் எடை போடுகின்றன. எடை போடாத ஆட்டை யார் தலையில் கட்டுவது? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த நேரத்தில்தான் சுத்தமான கன்னிக் கிடா எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துச் சொல்லும்படி மேலே இருந்து சொன்னார்கள். ஒரு இனத்தைக் காப்பாற்ற இரண்டு வழி சொல்வார்கள். அது வாழ்கிற ஊரிலேயே வளர்ப்பவர்கள் கையில் விட்டுவைப்பது ஒன்று. கிடாவைப் பண்ணைக்குக் கொண்டுபோய் விந்தெடுத்து உறைய வைப்பது இன்னொன்று. ஏசி அறையில் உட்கார்ந்து கேட்கும்போது இரண்டுமே நடக்கிற காரியமாகத்தான் தெரியும். வெளியே வந்து தேடினால் பெட்டை ஆடுகள் ஒன்றிரண்டு தட்டுப்பட்டன, கிடாதான் எங்கும் இல்லை. ஆண் குட்டியை ஒன்று சந்தைக்கு ஏற்றிவிடுவார்கள், இல்லையென்றால் காயடித்துவிடுவார்கள். காயடித்தால் சதை போடும், கிடா வீச்சமும் வராது.

ஒரு ஊரில் மட்டும் குட்டிகளின் முகத்தில் அந்த வெள்ளைக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தகப்பன் யார் என்று கேட்டதற்குத் தெருவே சிரித்தது. "அதுவா? நம்ம சாமி கிடால்லா!" என்றார்கள்.

மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு அண்ணாச்சி வீட்டுக் கிடா அது. அவர் மகன் போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடியபோது, அவர் மனைவி சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்துவிட்டிருந்தார். மகனுக்கு வேலை கிடைத்தது. கோயில் கொடைத் திருவிழாவில் கிடாவை வெட்டிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் பங்காளிச் சண்டையில் கோயில் கொடை சில வருஷமாக நின்றுபோயிருந்தது. நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டிப்போட மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். குறையில்லாமல் கொடுக்க வேண்டும் என்பதால் காயடிக்கவும் மாட்டார்கள். அது பாட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு, யார் வயலிலும் மேய்ந்துகொண்டு, ஊர்ப் பெட்டைகளையெல்லாம் சினையாக்கிக்கொண்டிருந்தது. எங்கள் துறை செய்ய முடியாததைச் சுடலைமாடன் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் நின்றது. பங்காளிகள் சமாதானமாகிவிட்டார்கள், வருகிற ஆடியில் கொடை என்று அண்ணாச்சி சொன்னார். அதற்குள் கிடாவைப் பண்ணைக்குக் கொண்டுபோய் விந்தெடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றேன். அண்ணாச்சி ஒரு பெண் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"சாமிக்கு விட்டது ஊர் எல்லை தாண்டப்பிடாது டாக்டரம்மா. அது இங்கன பெட்டை பின்னால போறது அது இஷ்டம். நீங்க புடிச்சுட்டுப் போயி செய்யுதது வேற."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கொடைக்குப் பிறகு இந்தக் கிடா இருக்காது, இதன் வம்சத்தில் ஒரு ஆண் குட்டியையும் யாரும் விட்டுவைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனால் அது அவர்கள் கவலை இல்லை.

வைகாசிக் கடைசியில் அந்த ஊரில் கால்நடை இன்சூரன்ஸ் முகாம் போட்டோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. இன்சூரன்ஸ் செய்கிற ஆட்டுக்குக் காதில் ஒரு பிளாஸ்டிக் அடையாளத் தகடு மாட்டுவோம், அதை ஊரில் கம்மல் என்பார்கள். வரிசையில் அண்ணாச்சி சாமி கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெட்டப்போற கிடாவுக்கு எதுக்கு அண்ணாச்சி இன்சூரன்ஸ்?" என்று கேட்டேன்.

"கொடை வரைக்கும் உசுரோட இருக்கணும்லா? மெயின் ரோட்டுல திரியுது. மரத்தடி ஏத்திப் போற லாரி எதும் அடிச்சுட்டுன்னா? எதுக்கும் ஒரு பந்தோபஸ்து வேணும்மா."

மிலிட்டரிக்காரர் மூளை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கிடா தலையை ஆட்டாமல் நின்றது. டக்கென்று கம்மலை மாட்டினேன். காதில் ஓட்டை போட்டால் அது குறை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, சிரித்துக்கொண்டு நின்ற ஊருக்கும் தோன்றவில்லை.

சாமியாடிக்குத்தான் தோன்றியது. கொடைக்கு முந்தின நாள் கிடாவைக் குளிப்பாட்டி மாலை போட்டுக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அவர் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊனப்பட்ட கிடா, ஆகாது என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி எனக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"ஏம்மா, இந்த எளவு கம்மலைக் கழட்ட முடியுமா, முடியாதா?"

"கழட்டலாம் அண்ணாச்சி. ஆனா காதுல விழுந்த ஓட்டை மூடாதுல்லா?"

அந்தப் பக்கத்தில் அவர் மனைவி அழுவது கேட்டது. அவருக்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். கிடா பிழைத்தது. இனி அது சாமி கிடா இல்லை, ஊர் எல்லை தாண்டலாம். வேறொரு கிடா வாங்கிக் கொடுத்துக் கொடையை முடித்தார்கள். நான் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பண்ணைக்குக் கொண்டுபோகலாமா என்று மறுபடியும் கேட்டேன். "என்ன எளவையும் செய்யுங்க" என்று அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆபீஸ் ஜீப் வந்ததும் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் ஜீப் வர வேண்டுமே. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் தமிழ்நாட்டில் உள்ள அத்தனை பேருக்கும் தென்காசியில் ஒரு சொந்தக்காரர் முளைத்துவிடுவார். யாரோ ஒரு பெரிய அதிகாரியின் குடும்பம் மெயினருவிக்குப் போனது, இன்னொருவரின் குடும்பம் ஐந்தருவிக்குப் போனது, ஜீப்பும் அவர்களோடு போனது. கேட்டால், "கிடா எங்கயும் ஓடிராதும்மா, சீசன் முடியட்டும்" என்றார்கள். நானும் எத்தனை தடவைதான் கேட்பது? ஒரு ஆட்டுக்காக இந்த வயதில் இவ்வளவு பேரிடம் பல்லைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அழுகை வந்துவிட்டது. இடையில், நாட்டு இனங்களைப் பாதுகாப்பது பற்றிய பயிற்சி என்று என்னைத் திருநெல்வேலிக்கு வேறு அனுப்பினார்கள். நான் இல்லாத நாட்களில் பக்கத்து ஊர் ஆய்வாளர் வந்து எங்கள் கால்நடை மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டார்.

ஆவணியில் ஜீப் கிடைத்தது. கிடாவுக்கென்று நானே பசுந்தழை வாங்கி ஜீப்புக்குள் பரப்பினேன். அண்ணாச்சி வீட்டு வாசலில் இறங்கியபோது கிடா வேப்பமரத்தடியில் கட்டிக் கிடந்தது. கட்டிப்போட்டு அதை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போனேன். கொழுகொழுவென்று இருந்தது. வீச்சம் வரவில்லை. குனிந்து கையை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

அண்ணாச்சி மனைவி காப்பி கொண்டுவந்தார்.

"சாமிக்கும் ஆகலை. சும்மா நாத்தம் புடிச்சுத் திரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, வீட்டுக்குள்ள ஒரு ஆள் வர முடியலை. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டிட்டுப் போனோம். நீங்க இல்லை. அங்கன இருந்த சார் இடுக்கியை வச்சு ஒரு நிமிஷத்துல காயடிச்சுக் குடுத்துட்டாரு. ஒத்தப் பைசா வாங்கலை, தங்கமான மனுஷன்."

"நான் வந்து கொண்டுபோறேன்னு சொன்னேன்லா அக்கா?"

"அதுக்கென்ன, இப்பவும் கொண்டுட்டுப் போங்க. நாங்க வேண்டாம்னா சொல்லுதோம்?"

அவரிடம் கோபப்பட எதுவும் இல்லை. சாமியிடம் இருந்தவரை அது குறையில்லாமல் இருந்தது. நான் காப்பாற்றினேன், இப்படி ஆகிவிட்டது. ஜீப் டிரைவர் இன்ஜினை அணைக்காமலே, ஏற்றவா வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காப்பியைக் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் ஒரு பெட்டை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கருப்பு ஆடு, முகத்தில் இரண்டு கோடு.

"நேத்துலேருந்து கத்துது டாக்டரம்மா" என்றார் அவர். "ஊருலயும் இப்ப கிடா இல்லை. உங்க கேனுல எதுவும் இருக்கா?"

ஜீப்பில் வைத்திருந்த கேனில் தலச்சேரிதான் இருந்தது. அது ஒன்றுதான் எங்களுக்கு வரும். ஆட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, சினை ஊசியைப் போட்டேன்.